பள்ளிச் சுவரும் பிள்ளைகளின் கொடையும்

படிப்பை முடித்துப் பள்ளியை விட்டுச் செல்லும் மாணவர், தம் நினைவாகப் பள்ளிக்கு ஏதேனும் ஒன்றை அளித்துச் செல்லுதல் நம் நாட்டில் நெடுநாளாக நிலவிவரும் நல்வழக்கமாகும். சுவர்க் கடிகாரம், மின்விசிறி, இரும்பு அலமாரி, தலைவர்களின் படங்கள், குடிநீர்த் தொட்டி எனப் பலவகைப் பொருள்கள் இவ்வாறு பள்ளிகளுக்கு வந்து சேர்ந்துள்ளன. இவ்வழக்கத்தின் மற்றொரு கிளையாக, விடைபெறும் மாணவர் தாமே தூரிகை ஏந்திப் பள்ளிச் சுவரில் ஓவியம் தீட்டிச் செல்லும் முறை உலகின் பல நாடுகளில் பரவியுள்ளது. இதனைத் தேர்வுக்குப் பிந்திய பொழுதுபோக்கு என்று ஒதுக்குவாரும் உளர். ஆயினும் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் வரலாற்றோடு பொருத்தி நோக்கினால், நம் மக்களுக்கு இது ஆழ்ந்த பொருளுடைய செயல் என்பது விளங்கும். சுவர் யாருடையது, அதில் எவர் பெயர் நிற்கும், கொடுத்தவர் உள்ளே நின்றாரா வெளியே நின்றாரா என்னும் வினாக்கள் இம்மண்ணில் பல நூற்றாண்டுகளாக இருந்துவருபவை. நம் கல்விச் சங்கத்தின் இவ்வெள்ளி விழா மலரில் அவ்வினாக்களைப் பற்றிய சில வரலாற்றுச் செய்திகளைத் தொகுத்துக் கூற விழைகின்றோம்.

சுவரோவியம் நிறைந்த மாவட்டம்

இன்றைய கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி ஆகிய மூன்று மாவட்டங்களும் ஒரு காலத்தில் கடலூரைத் தலைநகராகக் கொண்ட தென்னார்க்காடு மாவட்டமாக ஒன்றாயிருந்தன. 1993-ஆம் ஆண்டில்தான் விழுப்புரம் தனி மாவட்டமாகப் பிரிந்தது. பழைய தென்னார்க்காட்டை ஓவியங்களின் மாவட்டம் என்றே கூறலாம். கீழ்வாலை, செத்தவரை ஆகிய ஊர்களின் பாறைகளில் எழுத்தறியாக் காலத்து மக்கள் செங்காவி கொண்டு மனிதரையும் விலங்கையும் வரைந்து வைத்தனர். மண்டகப்பட்டில் செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணாம்பும் இன்றிக் குடைவரைக் கோயில் அமைத்ததாகக் கல்லில் பொறித்த முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன், ‘சித்திரகாரப்புலி’ என்னும் பட்டப்பெயரையும் உடையவன். பனைமலையில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த கோயிலில், குடைக்கீழ் நிற்கும் தேவியின் ஓவியம் 1,200 ஆண்டுகளுக்கு மேலாகியும் முற்றும் அழியாமல் இருக்கின்றது.

சிதம்பரத்தில் நடராசர் திருக்கோயிலுக்குள் இருக்கும் சிவகாமியம்மன் சந்நிதியின் முன்மண்டப விதானத்தில் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நாயக்கர் கால ஓவியங்கள் உள்ளன. மாணிக்கவாசகர் வரலாறும் பிட்சாடனர் கதையும் அவற்றில் வரிசை வரிசையாகத் தீட்டப்பட்டுள்ளன. தஞ்சைப் பெருங்கோயிலின் கருவறைச் சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்துகிடந்த சோழர் ஓவியங்களை 1931-இல் கண்டறிந்து உலகிற்கு அறிவித்தவரும் சிதம்பரத்தோடு தொடர்புடையவரே. அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து வரலாற்று ஆசிரியர் எஸ். கே. கோவிந்தசாமி ஆவார்.

இத்துணைச் சிறப்பிருந்தும், இவ்வோவியங்களைத் தலைமுறை தலைமுறையாகக் கண்டு மகிழ்ந்தவர் யாவர் என்று வினவினால், நம் முன்னோர் அவர்களுள் இல்லை. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் அ. வைத்தியநாத ஐயர் முன்னின்று ஒடுக்கப்பட்டோரை அழைத்துச் சென்ற நாள் 1939 சூலை 8. சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் நிறைவேறியது. ஆகவே கோயிலுள் இருந்த ஓவியமெல்லாம் நம் பாட்டனாரின் கண்ணுக்குப் பெரும்பாலும் எட்டாதவையாகவே இருந்தன. சுண்ணாம்பு சுட்டவரும், சாந்து குழைத்தவரும், கல் சுமந்தவரும் உழைப்பாளி மக்களே. அவர்தம் உழைப்பால் எழுந்த சுவருக்குள் அவர்தம் குலத்துக்கு இடம் இல்லாதிருந்தது.

கல்விக் கொடையைக் கூறும் கல்வெட்டு

பள்ளிக்குக் கொடை அளித்து அதனைச் சுவரில் எழுதி வைக்கும் வழக்கமும் நம் மாவட்டத்துக்குப் புதியதன்று. பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்த எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. அங்கு நடைபெற்ற கல்லூரியில் 340 மாணவர் பயின்றனர். அவருள் 270 பேர் இளையோர், 70 பேர் மேற்கல்வி பயின்றோர். ஆசிரியர் 14 பேர். இவர்களைப் பேணுவதற்கென 45 வேலி நிலம் அளிக்கப்பட்டது. எவருக்கு எவ்வளவு நெல் என்பது வரை அக்கல்வெட்டு நுணுக்கமாகக் கூறுகின்றது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மாணவருக்கு உணவும் ஆசிரியருக்கு ஊதியமும் ஒழுங்குபடுத்தி, அதனை யாவரும் அறியச் சுவரில் வெட்டிவைத்த திறம் போற்றத்தக்கது.

ஆனால் அங்குக் கற்பிக்கப்பட்டவை வேதங்களும் அவற்றைச் சார்ந்த நூல்களும் ஆகும். அந்த 340 இடங்களுள் ஓர் இடமேனும் சேரியில் பிறந்த பிள்ளைக்கு இருந்திருக்க இயலாது. அக்காலத்துச் சேரியும் கல்வெட்டில் இடம்பெறாமல் இல்லை. முதலாம் இராசராசன் தஞ்சைக் கோயிலுக்கு அளித்த ஊர்களின் நிலக்கணக்கைக் கூறுமிடத்து, வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியலில் சுடுகாட்டோடு சேர்த்துப் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் குறிக்கப்பட்டுள்ளன. கொடையாளரின் பெயரும் மெய்க்கீர்த்தியும் நின்ற அதே சுவரில், நம் முன்னோர் கணக்கில் கழிக்கப்பட்ட நிலமாக மட்டுமே நின்றனர். மாணவர்க்கு வரலாறு கற்பிக்கும்போது இவ்விரண்டு கல்வெட்டுகளையும் அருகருகே வைத்துக் காட்டுதல் நன்று.

நந்தனார் அளித்த கொடை

நம் மக்கள் கொடையறியாதவர் என்று எவரும் எண்ணிவிடலாகாது. திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாறே ஒரு கொடையின் வரலாறாகும். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அருளிய பெரியபுராணம், ஆதனூர்ப் புலைப்பாடியில் பிறந்த அப்பெரியார் கோயில்களின் முரசங்களுக்குப் போர்வைத் தோலும், அவற்றைக் கட்டும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசனைக்குக் கோரோசனையும் அளித்துவந்தார் என்று கூறுகின்றது. திருப்புன்கூரில் அவர் ஒரு குளமும் வெட்டினார். கோயிலுள் முழங்கிய ஒலியில் அவர் அளித்த தோல் இருந்தது. இசையில் அவர் அளித்த நரம்பு இருந்தது. அவரோ வாயிலுக்கு வெளியே நின்றார். தில்லைக்கு வந்தபோதும் உள்ளே செல்ல அஞ்சி மதிற்புறத்தையே இரவும் பகலும் வலம்வந்தார் என்பது புராணம். பின்னர் அவர் உள்ளே சென்றதும் எரியில் மூழ்கி எழுந்த பிறகே என்று கதை முடிகின்றது. 1861-ஆம் ஆண்டளவில் கோபாலகிருஷ்ண பாரதியார் இக்கதையைக் கீர்த்தனையாக விரித்துப் பாடிய பின்பு நந்தனார் தமிழ்நாடெங்கும் அறியப்பட்டார். பாடியவரும் கேட்டவரும் அவருடைய பத்தியைப் பெரிதும் போற்றினர். அவர் கொடுத்த பொருள்களின் பட்டியலை நினைவுகூர்ந்தவர் குறைவு. பொருள் உள்ளே சென்றது, பொருளுக்கு உடையவர் வெளியே நின்றார் என்னும் செய்தி அப்பட்டியலில்தான் அடங்கியிருக்கின்றது.

இதற்கு முற்றும் மாறான மற்றொரு கொடையையும் இங்கே கூறவேண்டும். ஆந்திர நாட்டில் கிருட்டிணையாற்றங்கரையில் உள்ள அமராவதியில் கி.பி. முதற் சில நூற்றாண்டுகளில் சிறந்து விளங்கிய பௌத்தத் தூபம் ஒன்று இருந்தது. அதன் சிற்பப் பலகைகள் இன்று சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் உள்ளன. அங்குக் கிடைத்த பிராகிருதக் கல்வெட்டு ஒன்று, நிறைகுடம் செதுக்கிய பலகை ஒன்றை விதிகன் என்பான் தன் தாய், மனைவி, உடன்பிறந்தார், மக்கள், சுற்றத்தார், நண்பர் ஆகியோருடன் சேர்ந்து அளித்ததாகக் கூறுகின்றது. அவ்விதிகன் ‘சம்மகாரன்’, அதாவது தோல் தொழிலாளி. அவன் தந்தை நாகன் என்னும் உபாத்தியாயர். ஆசிரியர் ஒருவரின் மகன் தோல் தொழில் செய்தான். தோல் தொழில் செய்தவன் தன் பெயரையும் தன் தொழிலையும் மறைக்காமல் திருக்கோயிலின் கல்லில் பொறித்தான். அவனை எவரும் வெளியே நிறுத்தவில்லை. நம் மக்கள் பண்டைப் பௌத்தரே என்று வாதிட்ட அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) கருத்தை ஏற்பாரும் மறுப்பாரும் இருக்கலாம். எனினும் தோல் தொழிலாளியின் பெயர் கொடையாளர் வரிசையில் மதிப்போடு நின்ற காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதற்கு அமராவதிக் கல்வெட்டு ஐயத்துக்கிடமில்லாத சான்றாகும்.

நந்தனாரின் கொடை, விதிகனின் கொடை ஆகிய இவ்விரண்டுள் எவ்வகைக் கொடையை நம் பிள்ளைகள் அளித்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

நமக்கென்று எழுந்த சுவர்

ஆரணிக்கு அருகில் மேல்புதுப்பாக்கத்தில் 1890 சனவரி 27-இல் முனுசாமி என்னும் பெயருடன் பிறந்த ஒருவர், துறவு பூண்டு சுவாமி சகஜானந்தர் ஆகி, 1910-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் சிதம்பரம் வந்து சேர்ந்தார். நந்தனார் மதிற்புறத்தை வலம்வந்த அதே ஊரில், நந்தனார் பெயராலேயே 1916-இல் அவர் ஒரு பள்ளியைத் தொடங்கினார். தொடக்கத்தில் அதில் பயின்றவர் ஏறத்தாழ 25 பிள்ளைகள். அப்பள்ளி வளர்ந்து, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி மேல்நிலைப் பள்ளிகளாக, அரசின் ஆதிதிராவிடர் நலத்துறையின்கீழ் நந்தனார் பெயரைத் தாங்கி நிற்கின்றது. சட்ட மேலவையிலும் சட்டப் பேரவையிலும் பல்லாண்டு உறுப்பினராக இருந்து கல்விக்காகவே வாதாடிய சுவாமிகள் 1959 மே 1-இல் மறைந்தார். சிதம்பரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த நம் குடும்பங்களில் முதன்முதலாக எழுத்தறிந்தவர் பலர் இப்பள்ளி வழியே வந்தவர் என்பதை மூத்தோர் நன்கறிவர்.

சுவாமிகளுக்கு முன்னும் முயற்சிகள் நடந்தன. 1894-இல் கர்னல் ஆல்காட் சென்னை அடையாற்றில் ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1920-களில் சென்னை மாகாண அரசின் தொழிலாளர் துறை சேரிகளில் பள்ளிகளை நடத்திற்று. நம் மாவட்டத்துக் காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த எல். இளையபெருமாள் (1924–2005) தலைமையில் 1965-இல் அமைந்த நடுவண் அரசின் குழு, தீண்டாமையையும் பட்டியல் வகுப்பினரின் கல்வி, பொருளாதார நிலையையும் நாடு முழுவதும் ஆராய்ந்து 1969-இல் அறிக்கை அளித்தது. இம்முயற்சிகள் அனைத்தின் பயனாக நம் குடியிருப்புகளில் எழுந்த பள்ளிக் கட்டடம், நம் மக்கள் தலைநிமிர்ந்து உள்ளே நுழைந்த முதற் பொதுச் சுவராகும். ஊருக்குள் இருந்த மற்றச் சுவர்கள் நம்மை வெளியே நிறுத்துவதற்காக எழுந்தவை. இச்சுவர் நம்மை உள்ளே வைப்பதற்காக எழுந்தது. அதில் ஓவியம் தீட்டும் பிள்ளை, தனக்கு உரிமையான இடத்தில் தன் கொடையை வைக்கின்றான். கொடையும் உள்ளே இருக்கும், கொடுத்தவனும் உள்ளே இருப்பான்.

பிற இடங்களின் படிப்பினை

கல்விக்கூடச் சுவரில் ஓவியம் தீட்டுதல் பற்றி உலக வரலாறு நமக்குச் சில பாடங்களைத் தருகின்றது. மெக்சிகோ நாட்டில் புரட்சிக்குப் பின் 1921-இல் கல்வியமைச்சரான ஓசே வாசுகன்செலோசு, எழுத்தறியா மக்களுக்கும் நாட்டின் வரலாறு விளங்க வேண்டும் என்று கருதிப் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களுக்குத் திறந்துவிட்டார். 1922-இல் தலைநகரின் தேசிய ஆயத்தப் பள்ளியில் தியேகோ ரிவேரா தம் முதற் சுவரோவியத்தைத் தொடங்கினார். ஒரோசுகோ, சிக்கேரோசு ஆகியோரும் அங்கு வரைந்தனர். அவ்வோவியங்கள் உலகப் புகழ் பெற்றன. ஆயினும் 1924-இல் அப்பள்ளியின் மாணவர் சிலரே அவற்றுள் சிலவற்றைச் சிதைத்தனர். பிறர் தீட்டித் தம்மேல் சுமத்திய ஓவியமாக அவர்கள் அவற்றைக் கருதினர் போலும். எத்துணைச் சிறந்த ஓவியமாயினும், பிள்ளைகளின் கை படாத சுவரைப் பிள்ளைகள் தமது என்று கொள்வதில்லை.

நம் நாட்டில் சாந்திநிகேதனத்தின் கலாபவனம் இதற்கு மாறான வழியைக் காட்டிற்று. அங்கு 1934-ஆம் ஆண்டையொட்டி, மண்ணாற் சுவரெழுப்பித் தார் பூசிய ‘காலோ பாரி’ என்னும் கருப்பு வீடு எழுந்தது. நந்தலால் போசு, இராம்கிங்கர் பைசு ஆகிய ஆசிரியர்களின் வழிகாட்டலில் மாணவர்களே அதன் சுவர்களில் புடைப்புருவங்களை அமைத்தனர். அவ்வீடு மாணவர் விடுதியாகவே பயன்பட்டது. மண்ணும் தாரும் மலிவான பொருள்கள். மழையும் வெயிலும் அவற்றைக் கெடுக்க வல்லவை. எனினும் காலந்தோறும் அதனைச் செப்பனிட்டுக் காத்துவருகின்றனர். அதே வளாகத்தின் இந்திபவனத்தில் 1946–47-இல் பினோத் பிகாரி முகர்சி இடைக்காலத் துறவியரின் வாழ்வைச் சுவர் முழுதும் தீட்டினார். கபீர்தாசரும், தோல் தொழிலாளியாகிய இரவிதாசரும் அவ்வோவியத்தில் இடம்பெற்றனர். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற கே. ஜி. சுப்பிரமணியன் உள்ளிட்ட மாணவர் அப்பணியில் துணைநின்றனர். சாதிக் கொடுமைக்கு ஆளான ஒரு துறவியின் உருவம் கல்விக்கூடத்தின் சுவரில் மதிப்போடு ஏறியது இங்கே கருதத்தக்கது.

நம் சென்னை நகரிலும் 2020-இல் கண்ணகி நகர்க் குடியிருப்பின் நெடுஞ்சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. கூவம், அடையாறு ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்க்கப்பட்ட ஏழைமக்கள் பலர் வாழும் அப்பகுதியைப் பற்றி வெளியார் கொண்டிருந்த இழிவான எண்ணம் மாறுவதற்கு அவை ஓரளவேனும் துணை செய்தன.

நம் பள்ளிகளில் இன்றைய நிலை

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளின் சுவர்களில் எழுத்தும் எண்ணும் விலங்குகளின் படங்களும் வரைதல் அனைவருக்கும் கல்வித் திட்டத்தின் காலத்திலிருந்து பெருவழக்காயிற்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-ஐ ஒட்டி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், வகுப்பறைச் சுவரின் கீழ்ப்பகுதி பிள்ளைகளின் கைக்கு எட்டும் கரும்பலகையாக மாற்றப்பட்டது. சுவரில் தன் பெயரெழுதி அதன்கீழ்த் தானே எழுதிப் பழகும் உரிமை சிறு பிள்ளைக்குக் கிடைத்தது. இஃது எளிதாகத் தோன்றினும் பெரிய மாறுதலாகும். ஆனால் பெரும்பாலான இடங்களில் சுவர்ப்படங்கள் கூலிக்கு வரையும் ஓவியர்களால் ஒரே அச்சில் வரையப்படுகின்றன. ஒரு பள்ளியின் படம் மற்றொரு பள்ளியின் படத்தினின்று வேறுபடுவதில்லை. பிள்ளைகளின் ஊரும் உழைப்பும் அவற்றில் இல்லை.

ஓவிய ஆசிரியர் நிலையும் கவலைக்குரியது. 2012-இல் அரசுப் பள்ளிகளுக்கு ஓவியம், தையல், உடற்கல்வி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர், மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் அமர்த்தப்பட்டனர். தொகை பின்னர்ச் சிறிது சிறிதாக உயர்த்தப்பட்டதேயன்றி, பணி நிரந்தரம் வேண்டும் என்னும் அவர்தம் கோரிக்கை பல்லாண்டு நீடித்தது. பொதுத்தேர்வு மதிப்பெண்ணே யாவும் என்றாகிவிட்ட காலத்தில், ஓவியப் பாடவேளை பிற பாடங்களுக்கு முதலில் பறிபோகும் பாடவேளையாக உள்ளது. கையில் திறனிருந்தும், அத்திறனைத் தேர்வுத் தாளில் காட்ட இயலாத பிள்ளை நம் வகுப்புகளில் நிறைய உண்டு. அவர்களுட் பலர் கோடை விடுமுறையில் பெயர்ப்பலகை எழுதுவோரிடமும் சுவருக்கு வண்ணம் பூசுவோரிடமும் கூலிக்குச் செல்வதை நாம் அறிவோம். கூலிக்குப் பூசும் அதே கை, தன் பள்ளிச் சுவரில் தன் பெயரோடு ஓர் ஓவியத்தை விட்டுச் செல்லுமானால், அப்பிள்ளை தன் திறனைப் பற்றிக் கொள்ளும் மதிப்பீடே மாறிவிடும்.

செய்முறை பற்றிச் சில குறிப்புகள்

விருப்பம் இருந்தும் முறையறியாது செய்தால் உழைப்பு வீணாகும். பண்டை ஓவியர் சுண்ணாம்புச் சாந்து ஈரமாக இருக்கும்போதே நீரில் கரைத்த வண்ணத்தை ஏற்றினர். சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று இறுகும்போது மேலே ஒரு கண்ணாடிப் படலம் போன்ற பூச்சு உண்டாகி வண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். தஞ்சையின் சோழர் ஓவியங்கள் நிலைத்ததற்கு இதுவே காரணம். இன்றைய பள்ளிச் சுவர் சிமெண்டுப் பூச்சால் ஆனது. புதுப்பூச்சு சில வாரங்கள் நன்கு உலர்ந்த பின்னரே அதில் வண்ணம் ஏற்றலாம். பழைய சுவராயின் அடுக்கடுக்காய்ப் பூசிய வெள்ளையைச் சுரண்டி எடுத்து, பிரைமர் பூசி, அதன்மேல் எமல்ஷன் வண்ணம் தீட்டுதல் வேண்டும்.

கடலூர், சிதம்பரம் பகுதி கடலோரமாதலால் சுவரில் உப்புப் பூத்தல் பெருங்குறை. 2011 டிசம்பர் 30-இல் வீசிய தானே புயலும், 2015 நவம்பர், டிசம்பர் திங்கள்களின் பெருவெள்ளமும் நம் பகுதிக் கட்டடங்களை என்ன பாடுபடுத்தின என்பதை எவரும் மறந்திலர். ஆகவே மதிற்சுவரையும் தரையை ஒட்டிய பகுதியையும் விடுத்து, தாழ்வாரத்தின் உட்சுவரைத் தேர்ந்தெடுத்தல் நலம். வடகிழக்குப் பருவமழை முடிந்து, பொதுத்தேர்வும் முடிந்த சித்திரைத் திங்களே இதற்கு ஏற்ற காலம். சாரம் கட்டி ஏறவேண்டிய உயரத்தில் பிள்ளைகளை வரையவிடலாகாது. நின்றவாறே எட்டும் உயரம் போதும். மாணவியர் பங்கேற்பதற்குப் பெற்றோரின் இசைவைப் பெற்று, காலை வேளையிலேயே பணியை முடித்தல் வேண்டும். செலவுக்கு முன்னாள் மாணவரை நாடலாம். 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப்பள்ளி’ திட்டமும் முன்னாள் மாணவரின் உதவியைப் பள்ளிக்குக் கொணரும் நோக்கமுடையதே.

தஞ்சைக் கோயில் நமக்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கின்றது. நாயக்கர் காலத்தார் சோழர் ஓவியத்தின்மேல் தம் ஓவியத்தைத் தீட்டினர். அவ்விரண்டையும் காப்பதற்குத் தொல்லியல் துறையினர் மேலடுக்கைப் பெயர்த்தெடுத்து வேறு பலகையில் ஒட்ட வேண்டியதாயிற்று. பள்ளியில் அத்தகைய வசதி இல்லை. ஓராண்டு மாணவர் வரைந்ததன்மேல் அடுத்த ஆண்டு மாணவர் வரைந்துவிட்டால் முன்னது அழிந்தே போகும். ஆகவே சுவரை முன்கூட்டியே கட்டங்களாகப் பிரித்து, ஆண்டுக்கு ஒரு கட்டம் என ஒதுக்குதல் வேண்டும். ஆய்வாளர் வருகையை முன்னிட்டுச் சுவர் முழுதும் வெள்ளையடித்து ஓவியங்களை மறைத்துவிடும் வழக்கம் நம் பள்ளிகளில் அரிதன்று. அதனைத் தடுக்க, ஒவ்வோர் ஓவியத்தையும் நிழற்படம் எடுத்து, வரைந்தோர் பெயர், ஆண்டு, கருப்பொருள் ஆகியவற்றைப் பள்ளியின் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிடுதல் நன்று. நாற்காலியும் மேசையும் பதிவேட்டில் ஏறும்போது ஓவியம் ஏன் ஏறலாகாது? பதிவேட்டில் ஏறிய பொருளை எவரும் எளிதில் அழித்துவிட இயலாது.

எதை வரைவது, எப்பெயரை எழுதுவது?

கருப்பொருளை மாணவரே ஆய்ந்து தேர்தல் வேண்டும். ஆசிரியர் செய்திகளை மட்டும் எடுத்துரைத்தால் போதும். எரியில் இறங்கும் நந்தனாரை நாம் ஓவியங்களிலும் திரைப்படங்களிலும் பலகாலும் கண்டுவிட்டோம். திருப்புன்கூரில் மண்வெட்டியேந்திக் குளம் வெட்டும் நந்தனாரையும், முரசுக்குத் தோல் கொணரும் நந்தனாரையும் நம் பிள்ளைகள் வரையட்டும். நிறைகுடப் பலகையோடு குடும்பம் சூழ நிற்கும் விதிகனை வரையட்டும். 25 பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் சகஜானந்தரை வரையட்டும். அண்ணல் அம்பேத்கரின் உருவம் நம் குடியிருப்புகளின் சுவர்களில் ஏற்கெனவே நிற்கின்றது. அவர் கற்ற நூல்களையும் இயற்றிய சட்டத்தையும் பிள்ளைகள் விளங்கிக்கொண்டு வரைந்தால் அதன் பயன் பெரிது. நாற்று நடும் தாயையும், கரும்பு வெட்டும் தந்தையையும், புயலில் கூரை இழந்த வீட்டையும் வரைந்தால் அவையும் வரலாறே ஆகும்.

சாதியின் அடையாளம் எதுவும், நம் சாதியினதாயினும் பிறர் சாதியினதாயினும், பள்ளிச் சுவரில் ஏறலாகாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த மாணவரும் அவர் தங்கையும் உடன்பயின்ற மாணவரால் வெட்டப்பட்ட கொடுமைக்குப் பின், நீதிநாயகம் கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைக்கப்பட்டது. 2024 சூனில் அளித்த அறிக்கையில், மாணவர் சாதியைக் காட்டும் கயிறும் மோதிரமும் அணிதல் கூடாது என்றும், பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிக் குறிப்புகளை நீக்க வேண்டும் என்றும் அக்குழு பரிந்துரைத்தது. 2025 சூலையில் அரசின் நலத்துறை விடுதிகள் யாவும் சமூகநீதி விடுதிகள் என அழைக்கப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். வாயிலில் உள்ள பலகையின் பெயர் காலத்துக்குக் காலம் மாறலாம். உள்ளே சுவரில் நிற்கும் மாணவரின் பெயர் அவர் தாய் தந்தையர் இட்ட பெயர். அதற்கு அடைமொழி எதுவும் வேண்டுவதில்லை. ஆகவே ஓவியத்தின் ஓரத்தில் வரைந்தோர் அனைவரின் பெயரும் ஆண்டும் தெளிவாக எழுதப்படல் வேண்டும். தூரிகை பிடித்தவர் பெயரோடு, வண்ணம் கலக்கியவர், சுவர் சுரண்டியவர், தண்ணீர் சுமந்தவர் பெயரும் அதில் இடம்பெறுதல் முறையாகும். பெருங்கோயில் கட்டிய கூலியாளரின் பெயர் கல்லில் ஏறாமற் போன பிழை நம் பள்ளியில் நேரலாகாது.

நிறைவாக நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோளை முன்வைக்கின்றோம். இவ்வெள்ளி விழா ஆண்டு தொடங்கி, சங்கத்தின் உதவி பெறும் மாணவர் பயிலும் பள்ளிகள்தோறும், தலைமையாசிரியரின் இசைவோடு, தாழ்வாரச் சுவர் ஒன்றனைக் கட்டங்களாகப் பிரித்து விடைபெறும் மாணவர்க்கு ஒதுக்கச் செய்தல் வேண்டும். வண்ணத்துக்கும் தூரிகைக்கும் ஆகும் செலவைச் சங்கம் ஏற்கலாம். 25 கட்டங்கள் நிறையும் நாளில், பொன் விழாக் காணும் சங்கத்தார் அச்சுவரின் முன் நின்று, 25 ஆண்டு மாணவரின் பெயர்களையும் வரிசையாகப் படித்துக்கொள்வர். அப்பெயர்களுக்கு உரியோரின் மக்கள் அதே பள்ளியில் அப்போது பயின்றுகொண்டிருப்பர்.